ரத்தத்தில் ஒளிந்திருக்கும் யானைக்கால்

யானைக்கால் நோய்க்கிருமி உடம்பில் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கால் வீங்குவதில்லை. வுச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் நூல்புழு நிணநீர்க் குழாயில் பல ஆண்டுகள் வாழ்ந்து நுண்புழுக்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். அதைச் சுமப்பவர் வழக்கம்போல் நாற்று நடுவார், கதிர் அறுப்பார். அவரைக் கடித்த கொசு அடுத்தவருக்குக் கொண்டுபோகும். தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் நோய் வேரூன்றியது இப்படித்தான். பரப்புவது வயல்நீர்க் கொசு அல்ல. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் க்யூலெக்ஸ்.

நுண்புழுக்கள் பகலில் நுரையீரலில் பதுங்கி, இரவு 10 மணி முதல் 2 மணி வரை தோலையொட்டிய ரத்தத்தில் நிறையும். அதனால் சுகாதாரப் பணியாளர்கள் இரவில்தான் கதவைத் தட்டுகிறார்கள். விரல் நுனியில் குத்தி, 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தை ஸ்லைடில் தடவி உலர்த்துகிறார்கள். பிறகு தண்ணீரில் அலசிச் சிவப்பை நீக்கிச் சாயம் ஏற்றினால், உறை போர்த்த புழு நுண்ணோக்கியில் வளைந்து நெளிந்து தெரியும். முதிர்ந்த புழுவின் ஆன்டிஜெனைக் காட்டும் பட்டைச் சோதனையைப் பகலிலும் செய்யலாம். 10 நிமிடத்தில் முடிவு தெரியும்.

1947இல் எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய டி.இ.சி.தான் இன்றும் முக்கிய மருந்து. ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுவதற்கும் அதைக் கொடுக்கும் முயற்சி தமிழ்நாட்டில் 1996இல் தொடங்கியது. பின்னர் அல்பெண்டசோலும் சேர்ந்தது. நோய் வெகுவாகக் குறைந்தது. மாத்திரையை நிறுத்தலாமா என்று அறிய 6, 7 வயதுக் குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். அவர்களிடம் கிருமி இருந்தால் அது அண்மையில் பரவியது என்று பொருள்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்று ஆண்டுதோறும் மாத்திரையைத் தவிர்க்கும் பெரியவர், பள்ளிச் சோதனையில் அகப்படவே மாட்டார். ஒரே தெருவில் தங்கிய நோய், வட்டாரச் சராசரியில் கரைந்துபோகும். இலங்கையில் குழந்தைகள் சோதனை தேறிய பின்னும், காலி மாவட்டத்தில் மனித ரத்தத்திலும் கொசுவிலும் கிருமி நீடித்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். நோய் அருகிய ஊரில் பெரியவர்களை இரவில் எழுப்பிச் சோதிப்பது வீண்செலவு என்போரும் உண்டு. ஆனால் விட்டுப்போன ஒருவரிடமிருந்தே பரவல் மறுபடி தொடங்கலாம்.

ஆகவே பழைய நோயாளிகள் வாழும் தெருக்களில் வேலைக்குப் போய்வரும் ஆண்களை முதலில் சோதிக்க வேண்டும். வீடுகளில் பிடிக்கும் கொசுக்களில் புழுவின் டி.என்.ஏ.வைத் தேட வேண்டும். கிருமி உள்ளவருக்கு 12 நாள் டி.இ.சி. கொடுத்து, அவர் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் சோதிக்க வேண்டும். நோயை 2027க்குள் ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. அதன் பிறகும் இந்தக் கண்காணிப்பு சில ஆண்டுகள் தொடர வேண்டும்.