புழுங்கல் ஆலையின் கழிவைக் குறைப்பது எப்படி?

நெல்லின் எடையில் ஏறத்தாழ 5-ல் ஒரு பங்கு உமி. கடனாநதி பாயும் ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டாரத்து நெல்லைப் புழுக்க அந்த உமியே விறகாகும். கொதிகலனில் காற்று போதாவிட்டால் கரி முழுதும் எரியாது. புகை கறுக்கும், சாம்பலும் கறுக்கும். காற்றைச் சீராக ஊதினால் வெப்பம் கூடும், சாம்பல் வெளுக்கும். அந்தச் சாம்பலை விரலில் தேய்க்கும்போது நறநறப்பது சிலிக்கா, சிமெண்டுக்கு உதவும்.

உமியைவிடப் பெரிய தலைவலி, புழுக்குமுன் நெல் ஊறிய தண்ணீர். மாவும் சர்க்கரையும் கரைந்த அது சீக்கிரமே புளித்து நாறும். வாய்க்காலில் விட்டால், அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் செத்து மிதக்கும். காற்றுப்புகாத தொட்டியில் அடைத்தாலோ எரிவாயு கிடைக்கும். பச்சைத்தண்ணீரில் 2, 3 நாள் ஊறப்போடுவதற்குப் பதில் சுமார் 70 டிகிரி வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைத்தால், ஊறும்போதே புளிப்பதற்கு இடமில்லை.