பாட்டு நின்ற பெட்டியைப் பாட வைக்கலாம்!
புதியவர்களும் ஆம்ப்ளிபயர் பழுது பார்க்க முடியும்

பெங்களூர், ஸ்ரீராமபுரம், அல்சூர் பக்கம் தமிழர் வீடுகளில் இன்றும் பரண் மேல் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் இருக்கும். இசைத்தட்டு, டேப் எல்லாம் ஓடிய காலத்துப் பெட்டி. ஒருநாள் 'டப்' என்று சத்தம் வந்திருக்கும். பிறகு பாட்டு இல்லை. பழைய இரும்புக்காரருக்குப் போடவும் மனம் வராது.

அப்படி ஒரு பெட்டி ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீட்டில் இருந்தது. மில்லில் வேலை பார்த்த பெரியவர் 1984-ல் போனஸ் பணத்தில் வாங்கியது. சர்க்கரை நோயால் அவருக்குப் பார்வை போய்விட்டது. பகல் முழுவதும் பாட்டுதான் துணை. பழுது பார்ப்பவர் 3 ஆயிரம் ரூபாய் கேட்டார். "அதற்கும் உத்தரவாதம் இல்லை" என்றார். பெரியவரின் பேத்தி கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் தையல் மெஷின் ஓட்டுபவர். "நானே பிரித்துப் பார்க்கிறேன் தாத்தா" என்று உட்கார்ந்து விட்டார்.

முதலில் உயிர்

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே சோடா டின் போல நிற்கும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கி இருக்கும். ஸ்குரூ டிரைவரை வைத்து 'படார்' என்று இறக்குவது சிலருக்கு வழக்கம். அது வேண்டாம். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் குறடால் பிடித்து, கண்டென்சரின் இரு முனையிலும் ஐந்து விநாடி வையுங்கள். மீட்டரில் வோல்ட் இறங்கியதைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

பியூஸ் போயிருந்தால் புதியது போட்டு உடனே சுவிட்ச் போடக் கூடாது. பியூஸ் போனதற்குக் காரணம் உள்ளேதான் இருக்கும். செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டுவது டிரான்ஸ்பார்மருக்கே உலை வைக்கும்.

எது எரிந்தது?

பெரும்பாலும் போவது அவுட்புட் டிரான்சிஸ்டர்கள்தான். ஸ்பீக்கர் ஒயர்கள் ஒன்றோடொன்று உரசியிருக்கும். அல்லது மேலே துணி மூடி, காற்றில்லாமல் சூடாகியிருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே பக்கத்தில் இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகிவிடும், கரண்ட் இரட்டிப்பாகும். கல்யாண வீட்டுக்கு இரவல் போய் வந்த பெட்டிகளில் இதுதான் கதை.

டிரான்சிஸ்டரைக் கழற்றி, மீட்டரை டயோடு நிலையில் வைத்துப் பாருங்கள். பேசிலிருந்து மற்ற இரண்டு கால்களுக்கும் ஒரு திசையில் மட்டும் 0.5 முதல் 0.7 வரை காட்டினால் சரி. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே பூஜ்யம் காட்டி 'பீப்' என்று கத்தினால் அது போய்விட்டது. கூடவே அதை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டரையும், வெள்ளைக் கட்டி போன்ற 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரையும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் சில விநாடிகளில் போய்விடும்.

ஸ்டீரியோவில் ஒரு வசதி. ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் நன்றாக இருக்கும். சர்க்யூட் படம் இல்லாவிட்டால் என்ன? நல்ல பக்கத்தில் எந்த இடத்தில் என்ன அளவு காட்டுகிறதோ அதைத் தாளில் எழுதி, கெட்ட பக்கத்தோடு ஒப்பிட்டால் போதும். பேத்தி இப்படித்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டுபிடித்தார். இடது பக்கத்து 2என்3055 இரண்டும், ஒரு டிரைவரும், ஒரு ரெசிஸ்டரும் போயிருந்தன.

எஸ்.பி. ரோட்டில்

சாமான் வாங்க எஸ்.பி. ரோடு இருக்கவே இருக்கிறது. கன்னடம் பேசினால் விலை குறையும் என்பார்கள், எனக்குக் குறைந்ததில்லை. ஆனால் போலி நிறைய. எண்ணை அழித்து மேலே வேறு எண் அடித்து விற்கிறார்கள். மிக மலிவாகத் தந்தால் வாங்க வேண்டாம். டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மைக்கா தகட்டையும் வெள்ளைப் பசையையும் மறக்காதீர்கள். மைக்கா விட்டுப்போனால் அந்த இரும்புத் தொப்பி ஹீட் சிங்கில் பட்டு மறுபடி ஷார்ட்தான்.

பல்பு சொல்லும்

எல்லாம் பற்ற வைத்த பின் நேராகக் கரண்ட் கொடுக்காமல், 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. பெட்டி தப்பித்தது என்று அணைத்து விடலாம்.

அடுத்து, ஸ்பீக்கர் மாட்டாமல் அதன் முனைகளில் டி.சி. வோல்ட் பார்க்க வேண்டும். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், காயில் கருகிவிடும். முதல் சோதனைக்கு, போனாலும் பரவாயில்லை என்கிற பழைய ஸ்பீக்கர் போதும்.

ஸ்ரீராமபுரத்துப் பெட்டிக்குச் சாமான் செலவு 640 ரூபாய். முதல் தடவை பல்பு முழுதாக எரிந்தது. ஈயப்பற்று பக்கத்துக் காலில் வழிந்திருந்தது. அதைச் சுரண்டியதும் மங்கியது. இப்போது இரு பக்கமும் பாடுகிறது. சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பினால் மட்டும் கரகரக்கிறது. உள்ளே தூசி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைக்கப் போவதாகப் பேத்தி சொல்கிறார். "வேண்டாம், பாடுகிறதைக் கெடுக்காதே" என்கிறார் தாத்தா.