காளை எருதாகும் நாள்

ஜோகூரின் செனாயைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் மரநிழலில் மேயும் மாடுகளைப் பார்க்கும்போது, ஒரே வயதுள்ள இரண்டைத் தேடிப் பாருங்கள். ஒன்றுக்குக் கழுத்து தடித்து, திமில் கனத்திருக்கும். இன்னொன்று நெட்டைக் கால்களும் சின்னத் திமிலுமாக, சாவகாசமாக அசைபோட்டு நிற்கும். இரண்டும் ஒரே காளைக்குப் பிறந்தவையாகவும் இருக்கலாம். முதலாவது காளை. மற்றது கன்றிலேயே காயடித்த எருது.

இத்தனை வித்தியாசத்துக்கும் காரணம் டெஸ்டோஸ்டிரோன். விதைகளில் ஊறி, ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் கட்டளை கொண்டுபோகும் சுரப்புநீர் அது. ஒரு நேரத்தில் ரத்தத்தில் எவ்வளவு இருக்கும்? 400 கிலோ காளைக்கு ரத்தம் சுமார் 28 லிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 0.14 மில்லிகிராம். சாப்பாட்டு உப்பில் இரண்டு மூன்று துகள்தான்! கழுத்தையும் திமிலையும் முட்டுகிற குணத்தையும் வளர்த்துவிட அது போதும்.

எருதுக்குக் கால் மட்டும் ஏன் நீள்கிறது? எலும்பின் நுனியில் ‘வளர்தட்டு’ என்ற குருத்தெலும்பு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பருவம் வந்ததும் பாலினச் சுரப்புகள் அதை மூடிவிடும். காயடித்த கன்றுக்கு அந்த உத்தரவு தாமதமாகத்தான் வரும். மண்ணுக்குள் கிடைத்த கால் எலும்பை அளந்தே தொல்லியலாளர்கள் எருதை அடையாளம் காண முயல்வது இதனால்தான்.

காங்கேயம் மாட்டில் நிறமே மாறுகிறது. கன்று சிவப்பாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் சாம்பலாகும். காளைக்குத் திமிலும் முன்பின் பாகங்களும் கறுக்கும். எருதோ சாம்பலாகவே நிற்கும். நுகம் தாங்கக் கழுத்து தடிக்கட்டும் என்று உழவு மாட்டுக்குக் காயடிப்பதைத் தள்ளிப்போடுவது பழைய வழக்கம். கறிக்கு வளர்ப்பவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை.

சரி, விற்கும்போது எதற்கு விலை? காளை எருதைவிட ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் வேகமாக எடை ஏறும். எருது நாளுக்கு 300 கிராம் ஏறினால், 15 சதவீதக் கணக்கில் ஆண்டுக்கு 16 கிலோ வித்தியாசம். பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றரை. ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு இரண்டு வயது நிறைந்த மாடு வேண்டும். ஏழு பேர் பங்கு போடலாம். காயடித்ததும் ஏற்கப்படும் என்றாலும், பங்குக்குக் கறி கூட வேண்டும் என்பவர் கண் பெரிய காளை மேல்தான் போகும்.

கறியின் பக்குவத்துக்குக் காசு கொடுப்பவரிடம் கணக்கு தலைகீழ். எருதின் தசைக்குள் கொழுப்பு இழையிழையாகப் படிந்து கறி மிருதுவாகும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாகும். பாலைத் தயிராக்கும் அதே அமிலம். அதனால் பிஎச் அளவு 7-லிருந்து 5.5 வாக்கில் இறங்க, கறி சிவந்து நிற்கும். அறிமுகமில்லாத காளைகளை ஒரே லாரியில் ஏற்றினால் முட்டி மோதி அந்தச் சர்க்கரையை வழியிலேயே எரித்துவிடும். அமிலம் ஊறாத கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். அமெரிக்கக் கன்றுச் சந்தைகளில் காயடிக்காத கன்றுக்கு விலை குறைவதற்கோ காரணம் வேறு: வாங்குகிறவர் பிறகு காயடிக்க வேண்டும், வளர்ந்த கன்று அந்த வலியில் தீனி குறைந்து, எடை இழக்கும்.

ஆகவே, காயடிப்பதென்று முடிவெடுத்தால் இளசிலேயே செய்வதுதான் நியாயம் என்பேன், அதுவும் கால்நடை மருத்துவர் கையால், மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு. பிறந்த சில வாரங்களுக்குள் ரப்பர் வளையம். அதற்குப் பிறகு, சில மாதக் கன்றுக்கு, இத்தாலியரான பர்டிசோ வடிவமைத்த இடுக்கி. மருத்துவர் தோலுக்கு மேலே விரலால் தடவி, விதைக்குப் போகும் நாளத்தைப் பைக்குள் ஓர் ஓரமாகத் தள்ளிப் பிடிப்பார். இடுக்கி மூடும், பத்து எண்ணும்வரை அழுத்தும். பிறகு மறுபக்கம், ஆனால் அதே கோட்டில் அல்ல, சற்றே மேலே அல்லது கீழே. இரண்டு தழும்பும் ஒரே கோட்டில் சேர்ந்தால் பையின் தோலுக்கே ரத்தம் நின்று அழுகிவிடும். நடுவில் விட்ட இடைவெளி அதைக் காப்பாற்றுகிறது. தோலுக்கு மேல் வெட்டுக்காயம் இல்லை. ஜோகூர் வெக்கையில் முட்டையிடக் காயம் தேடி வரும் ஈக்கு அங்கே இடமில்லை. நாலைந்து வாரத்தில், ரத்தம் கிடைக்காத விதைகள் உள்ளேயே வற்றிச் சுருங்கிவிடும்.