ஒரு சோதனை போதாது

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் மகனின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுடன் என் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன் செய்துகொண்ட முழு உடல் செக்கப்பில், 'ஹெர்ப்பிஸ் ஹெச்.எஸ்.வி.-2, ஐ.ஜி.ஜி. 1.6, பாசிட்டிவ்' என்று வந்திருந்தது. பையனுக்குப் புண்ணோ கொப்புளமோ வந்ததே இல்லை. "நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார் நண்பர். அவர்கள் சம்மதத்துடன்தான், பெயர் சொல்லாமல், இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன். தண்டவாளத்தினுள் விரிசல் உண்டா என்று அல்ட்ராசானிக் கருவியால் சோதிப்போம். எதிரொலி வந்தவுடன் தண்டவாளத்தை அறுத்து எடுத்துவிடுவதில்லை. போல்ட் துளைகூட எதிரொலி தரும். சந்தேகமான இடத்தை வேறு கோணத்தில் மறுபடி பார்த்த பிறகே முடிவு. இங்கேயும் அதே நியாயம்தான்.

இந்தச் சோதனை வைரஸைப் பார்ப்பதில்லை. வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கிறது. பல கிட்டுகளில் 0.9க்குக் கீழே நெகட்டிவ், 0.9 முதல் 1.1 வரை இரண்டுங்கெட்டான், அதற்கு மேல் பாசிட்டிவ். கிட்டுக்குக் கிட் அளவு மாறும் என்பதால், ரிப்போர்ட்டில் அச்சிட்டுள்ள வரம்பையும் பார்க்க வேண்டும். ஹெச்.எஸ்.வி.-2 சோதனையில் 3.0க்கு உட்பட்ட குறைந்த பாசிட்டிவ்களில் தவறானவை அதிகம். ஆகவே வேறு முறையில் இரண்டாவது சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது.

ஏன் தவறுகிறது? கணக்குக்காக, 1000 பேரில் 50 பேருக்கு உண்மையிலேயே தொற்று என்று வைத்துக்கொள்வோம். சோதனை அந்த 50 பேரையும் பிடித்துவிடுகிறது. தொற்றில்லாதவர்களில் நூற்றுக்கு 4 பேரை மட்டும் தவறாகக் காட்டுகிறது. 950 பேரில் அப்படி 38 பேர். ஆக, பாசிட்டிவ் வந்த 88 பேரில் 38 பேருக்கு நோயே இல்லை! அறிகுறி இல்லாதவர்கள் எல்லோருக்கும் இச்சோதனை வேண்டாம் என்று நிபுணர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரிடம் போக வேண்டும். அதே லேபில் அதே கிட்டால் திரும்பச் செய்வது மறுசோதனை ஆகாது. முறை வேறாக இருக்க வேண்டும். 'வெஸ்டர்ன் பிளாட்' என்பதையே அளவுகோலாகக் கருதுகிறார்கள். நம் ஊர் லேபுகளில் அது எளிதில் கிடைக்காது.

இரண்டாவது, தொற்று சமீபத்தியதோ என்ற சந்தேகம் இருந்தால், 12 வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் உருவாக அவகாசம் தேவை.

மூன்றாவது, புண் இருந்தால் ஆறுவதற்குள் அதிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்து பி.சி.ஆர். சோதனை செய்வதே சிறந்தது.

நான்காவது, ஐ.ஜி.எம். சோதனையை நம்பி முடிவு எடுக்க வேண்டாம். அது இரண்டு வகை வைரஸையும் சரியாகப் பிரித்துக் காட்டாது. பழைய தொற்று திரும்பும்போதும் பாசிட்டிவ் ஆகலாம்.

இன்னொன்று. உறுதியான பாசிட்டிவ் என்றாலும், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ரத்தச் சோதனையும் சொல்லாது. அதை வைத்துக் கணவன் மனைவியையோ, மனைவி கணவனையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். உலகில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் சுமார் 52 கோடிப் பேருக்கு ஹெச்.எஸ்.வி.-2 இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டிருக்கிறது. வைரஸை அடியோடு நீக்க மருந்தில்லை. ஆனால் கட்டுப்படுத்த மாத்திரைகள் உண்டு. இல்வாழ்க்கைக்கும் தடையில்லை. கர்ப்பிணிகள் மட்டும் பிரசவ டாக்டரிடம் இதை மறைக்கக் கூடாது.

நண்பரிடம் ஒன்றுதான் சொன்னேன்: "இது பையனுடைய ரிப்போர்ட். டாக்டரிடம் அவனே போகட்டும். அதுவரை சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்யாதீர்கள்." பையன் போனான். வேறு முறையில் செய்த சோதனையும், 12 வாரம் கழித்துச் செய்ததும் நெகட்டிவ். தை மாதம் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டேன். அன்று அவசரப்பட்டிருந்தால், ஒரு 1.6க்காக இரண்டு குடும்பங்கள் தலைகுனிந்திருக்கும்.