பட்டம் வரும் முன்பே பட்டதாரியாக வேண்டிய ஆறாவது செமஸ்டர்

மைசூரு மகாராஜா கல்லூரியில் 1926இல் சேர்ந்த ஆர்.கே. நாராயண், பி.ஏ. முடித்தது 1930இல். மூன்று வருஷப் படிப்புக்கு அவருக்கு நான்கு வருஷம் ஆனது. அதற்கும் முன்னால் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறி, ஒரு வருஷம் வீட்டிலிருந்தபடியே படித்தும் எழுதியும் கழித்தவர். பட்டம் வாங்கியபின் எம்.ஏ. சேர நினைத்தார். சேர்ந்தால் இலக்கியத்தின் மேல் இருக்கும் ஆசையே அற்றுப்போகும் என்று நண்பர் ஒருவர் சொல்ல, விட்டுவிட்டார். பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்தது. உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுக்கச் சொன்னதும் அதையும் உதறினார். பிறகு எழுத உட்கார்ந்தார். முதல் நாவல் 1935இல் வந்தது.

அடுத்து 1937இல் வந்த 'தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' நாவலின் முதல் பகுதி முழுக்கக் கல்லூரி இறுதியாண்டுதான். சந்திரன் விவாத மேடையில் பேசுகிறான். சரித்திர மன்றத்தின் செயலாளராக அலைகிறான். பரீட்சை நெருங்கியதும் திட்டம் போட்டுப் படிக்கிறான். பாஸ் செய்தபின் மாதக்கணக்கில் எந்த வேலையும் இல்லாமல் ஊரைச் சுற்றுகிறான். அடுத்தது என்ன என்ற கேள்வி, பட்டம் கைக்கு வந்த பிறகுதான் அவனை நெருக்குகிறது.

நாராயண் குடும்பம் வாழ்ந்த லக்ஷ்மிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் பேட்டை அக்ரஹாரம். மகாராஜா கல்லூரியும், கிருஷ்ணமூர்த்திபுரத்திலுள்ள சாரதா விலாஸ் கல்லூரியும் அங்கிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம்தான். இன்று அந்தப் பேட்டையில் ஒரு வீட்டில் இறுதியாண்டுப் பிள்ளை இருந்தால், வீட்டுப் பேச்சே வேறு. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், ரெக்கார்ட் நோட்டு, வைவா, இன்டர்வியூ, ஹால் டிக்கெட் என எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன. பெற்றோருக்கு இது விளங்குவதில்லை. "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அந்த 'அப்புறம்' இப்போது இல்லை என்பதுதான் விஷயம். பட்டத்துக்குப் பிறகு செய்ய வேண்டியிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து, பட்டத்துக்கு முந்தைய மாதங்களுக்குள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டன.

எப்படி நகர்ந்தன?

மேற்படிப்பை எடுத்துக்கொள்வோம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. கேட் தேர்வும் அதே மாதம்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் நடக்கும் சி.யூ.ஈ.டி.-பி.ஜி. பெரும்பாலும் மார்ச்சில் வருகிறது. ஆறாவது செமஸ்டர் பாடங்கள் பாதிகூட முடிந்திருக்காத நேரம் அது. விண்ணப்பங்களோ இன்னும் முன்னால். ஜாம் தேர்வுக்கு முந்தைய செப்டம்பர் வாக்கிலேயே பதிவு திறந்துவிடும். அதாவது, எந்தத் துறையில் மேலே படிப்பது என்ற முடிவை ஐந்தாவது செமஸ்டர் தொடக்கத்திலேயே எடுத்தாக வேண்டும். அந்தத் துறையின் முக்கியமான தாள்களையும் புராஜெக்டையும் மாணவர் தொட்டே பார்த்திருக்க மாட்டார். கர்நாடகத்தில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. சேர மாநிலத் தேர்வு ஆணையம் நடத்தும் பி.ஜி.சி.ஈ.டி. தனி.

அரசு வேலைத் தேர்வுகளில் சிக்கல் வேறு விதம். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வை இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். வங்கித் தேர்வுகள் பலவற்றில் அப்படியில்லை. அறிவிப்பில் ஒரு தேதி போட்டிருப்பார்கள். அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ பட்டப்படிப்பின் ரிசல்ட் வெளிவந்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்விலும் இப்படி ஒரு வரம்புத் தேதி உண்டு. பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவரும், பரீட்சையே எழுதாதவரும் அந்த விதியின் கண்ணுக்கு ஒன்றுதான். பல்கலைக்கழகம் ரிசல்ட்டை ஒரு மாதம் தள்ளிப்போட்டால், மாணவருக்குப் போவது ஒரு மாதமல்ல, ஒரு முழு வருஷம்.

வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனங்கள் இன்னும் முன்னாலேயே வளாகத்துக்குள் வந்துவிடுகின்றன. கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வானவருக்குத் தரும் கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும்: அரியர் இருக்கக்கூடாது, இவ்வளவு சதவீதம் குறையக்கூடாது, இந்தத் தேதிக்குள் சான்றிதழ் தர வேண்டும். மிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடும் வீட்டில் அந்த இரண்டாவது பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

கடிதம் கையில் இருந்தாலே வேலை உறுதி என்றும் நினைத்துவிடக் கூடாது. இதற்கு மைசூருவே சாட்சி. இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மிகப் பெரிய பயிற்சி வளாகம் இங்குதான் இருக்கிறது. 2022இல் படிப்பை முடித்து, அந்த நிறுவனத்தின் கடிதத்தோடு இருந்த பொறியியல் பட்டதாரிகளில் பலர் இரண்டு வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கமான நைட்ஸ் மத்தியத் தொழிலாளர் துறைக்குப் புகார் கொண்டுபோனது. 2024 இறுதியில் வேலைக்குச் சேர்க்கப்பட்டவர்களில் 300க்கும் மேற்பட்டோர், உள் மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து அனுப்பப்பட்டார்கள். எண்ணிக்கை இதைவிடப் பெரிது என்றது சங்கம். மூன்று வாய்ப்பும் தேறாவிட்டால் தொடர முடியாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும் விதி என்றது நிறுவனம். மாநிலத் தொழிலாளர் துறை விசாரணைக்கு வந்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு வருஷம் காத்திருந்தவர்கள் அந்த இரண்டு வருஷத்தில் வேறு கதவைத் தட்டாமல் இருந்தது, கையிலிருந்த ஒரு கடிதத்தை நம்பித்தான். ஆகவே கேம்பஸில் தேர்வான மாணவரும் நுழைவுத் தேர்வுகளை விட்டுவிட முடிவதில்லை. ஓட்டம் இரட்டிப்பானதற்கு இதுவும் காரணம்.

மூன்று வருஷமா, நான்கா?

கர்நாடக மாணவர்களுக்கு இடையில் இன்னொரு குழப்பம் சேர்ந்தது. தேசியக் கல்விக் கொள்கையை 2021-22 கல்வியாண்டிலேயே முதலாவதாக நடைமுறைக்குக் கொண்டுவந்த மாநிலம் இது. மூன்றாம் வருஷ முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம், அல்லது நான்காம் வருஷம் படித்து ஹானர்ஸ் வாங்கலாம் என்று வைத்தார்கள். ஆட்சி மாறியது. சுகதேவ் தோரட் தலைமையில் அமைந்த மாநிலக் கல்விக் கொள்கை ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை ஏற்று, 2024 மே மாதம் பழைய மூன்று வருஷப் படிப்புக்கே அரசு திரும்பியது. 2024-25இல் சேர்ந்தவர்களுக்கு 2027இல் ஆறாவது செமஸ்டரோடு படிப்பு முடியும். அவர்களுக்கு முந்தைய மூன்று அணிகள் படித்தது வேறு பாடத்திட்டம். சீனியர் அண்ணன் கொடுத்த நோட்ஸும் அனுபவமும் ஜூனியர் தம்பிக்கு அப்படியே உதவாமல் போனது இதனால்தான். படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்க ஆள் இருக்கும். குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு அந்த சீனியர்தான் எல்லாம்.

காகிதங்கள்

இந்தக் கட்டுரையில் எதையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் தவறினால் மறுபடி எழுதலாம். காகிதத்தில் தவறினால், தவறிய விஷயமே அட்மிஷன் மேசையில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

முதல் கண்டம் பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திக் எஸ்'. ஆதாரில் 'கார்த்திக் சுப்பிரமணியன்'. பான் அட்டையில் அப்பா பெயர் முன்னால். வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. பாஸ்போர்ட்டுக்கு இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறார்கள். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமில்லாத தென்னிந்தியக் குடும்பங்களில் இது அநேகமாக எல்லார் வீட்டிலும் இருக்கும் கோளாறு. இத்தனை நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குமாஸ்தா பார்த்து, சரி இது இவன்தான் என்று எழுதிவிடுவார். இப்போது சேர்க்கையும் தேர்வுக் கட்டணமும் மதிப்பெண்ணும் யு.யு.சி.எம்.எஸ். என்ற மாநில இணையத் தளம் வழியே போகின்றன. படித்த கிரெடிட்டுகளைச் சேமிக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கு ஆதாரோடு ஒட்டியது. ஒரு புள்ளி, ஓர் இடைவெளி மாறினாலும் இயந்திரத்துக்கு அது வேறு ஆள். பல்கலைக்கழகம் பொதுவாகப் பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ள பெயரைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். எனவே ஆதாரை அதற்கு ஏற்றபடி திருத்துவதா, பட்டியலைத் திருத்துவதா என்பதை ஐந்தாவது செமஸ்டரிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பட்டச் சான்றிதழ் அச்சானபின் திருத்துவதற்கு ஆகும் அலைச்சலும் காசும் பல மடங்கு.

இரண்டாவது, நோ டியூ படிவம். பார்க்க ஒரே ஒரு தாள். நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் துறை, என்.சி.சி., விடுதி, கட்டணப் பிரிவு, துறைத் தலைவர் என்று வரிசையாகக் கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்தும் சீலும் வேண்டும். நூலகர் காலையில் இருப்பார், ஆய்வக உதவியாளர் மதியத்துக்குமேல் வருவார், விடுதிக் காப்பாளர் லீவில் இருப்பார். முதல் வருஷத்தில் உடைந்த ஒரு பீக்கருக்கான பாக்கி அப்போதுதான் தலைகாட்டும். இந்தத் தாள் நிரம்பினால்தான் டி.சி. கிடைக்கும். டி.சி. கையில் இருந்தால்தான் அடுத்த கல்லூரியில் இடம்.

பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும். விழா எப்போது நடந்தாலும், அதுவரை செல்லுபடியாவது ப்ரொவிஷனல் சான்றிதழ்தான். அதுவும் தானாக வராது. தனியே விண்ணப்பித்து, கட்டணம் கட்ட வேண்டும். டிஜிலாக்கரில் ஏறிய பட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் அசலுக்கு இணையாக ஏற்க வேண்டும் என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பு மேசைகளில் இன்னமும் காகிதத்தைத்தான் கேட்கிறார்கள் என்பதால் இரண்டையும் வைத்திருப்பது நல்லது.

மைசூருவில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குப் போகும் பிள்ளைகள் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, படித்த பல்கலைக்கழகம் தரும் மைக்ரேஷன் சான்றிதழ். மற்றொன்று, சேரப்போகும் பல்கலைக்கழகம் தரும் தகுதிச் சான்றிதழ். வேறு பல்கலைக்கழகப் பட்டம் தங்கள் பட்டத்துக்கு ஈடானது என்று சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவை கொடுக்கும் சான்று அது. கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் இதை மறந்தவர்கள், முதல் செமஸ்டர் பரீட்சைக்குப் பதிவு செய்யும்போது திண்டாடுவார்கள்.

எது விடுபட்டுப்போகிறது

இத்தனைக்கும் நடுவில் படிப்பு என்ன ஆகிறது? மூன்று வருஷத்தில் பாடம் கனிந்து வரும் இடம் கடைசி செமஸ்டர். விருப்பப் பாடமும் புராஜெக்டும், மாணவர் தானாக ஒரு கேள்வியைக் கேட்டு விடை தேடும் முதல் சந்தர்ப்பமும் அங்கேதான் வருகின்றன. அதற்குத்தான் இப்போது நேரம் மிச்சமில்லை. புராஜெக்ட் அறிக்கை சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்குக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அதே வாரம் அவர்கள் ஒரு நுழைவுத் தேர்வும் இரண்டு ஆன்லைன் சுற்றும் எழுதியிருப்பார்கள்.

வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும் என்ற விதியும் கழுத்தைப் பிடிக்கிறது. இன்டர்வியூவுக்கு 140 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூரு போய்வந்தால் ஒரு நாள் போயிற்று. கல்லூரி அதை ஓ.டி. (ஆன் டியூட்டி) என்று ஏற்றால் பரவாயில்லை. ஏற்காத இடங்களில், வேலை தேடிப் போனதற்கு அபராதம் கட்டிப் பரீட்சை எழுதுகிறார்கள்.

வீட்டுப் பணக்கணக்கும் இதே மாதங்களில்தான் கூடி வருகிறது. கல்விக் கடன் வாங்கியவர்கள், படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். கர்நாடக அரசின் யுவநிதித் திட்டத்தில் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய், அதிகபட்சம் இரண்டு வருஷம் கிடைக்கும். தேறி 180 நாள் கழிந்தும் வேலையில்லாமல் இருப்பவர்களுக்குத்தான் அது. மேலே படிக்கச் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது.

கல்லூரிகள் செய்யக்கூடியவை பெரிய செலவு வைப்பவை அல்ல. ஐந்தாவது செமஸ்டரில் ஒரு நாள், வகுப்பு முழுவதையும் உட்காரவைத்து ஆதார், பத்தாம் வகுப்புப் பட்டியல், யு.யு.சி.எம்.எஸ். பதிவு மூன்றிலும் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யலாம். நுழைவுத் தேர்வுக்கும் இன்டர்வியூவுக்கும் போகும் நாட்களை, ஹால் டிக்கெட்டைக் காட்டினால் ஓ.டி. என்று எழுதிக்கொள்ளலாம். நோ டியூ கையெழுத்துப் போடுபவர்கள் எல்லாரும் கடைசிப் பரீட்சையன்று ஒரே அறையில், ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு வார அலைச்சல் ஒரு மணி நேரத்தில் தீரும். பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் எந்தத் தேதியில் வரும் என்பதைப் பரீட்சை அட்டவணையோடு சேர்த்தே அறிவித்து, அந்தத் தேதியில் வெளியிட வேண்டும்.