கத்திரி வெயிலில் சுணங்கும் சோலார் பேனல்

மே மாத நண்பகலில் எங்கள் ஊரான மணவாள நகரின் மொட்டை மாடிகளில் கால் வைக்க முடியாது. தமிழ்நாட்டில் அன்றைக்கு எங்கே வெயில் அதிகம் என்ற செய்தியில் எங்கள் மாவட்டத்துத் திருத்தணி அடிக்கடி இடம்பிடிக்கும். இத்தனை வெயில் காய்கிறதே, மாடியில் போட்ட ஆறு சோலார் பேனலும் மின்சாரத்தைக் கொட்டப்போகிறது என்றுதான் முதல் கோடையில் நினைத்தேன். இன்வெர்ட்டர் திரையைப் பார்த்தால், பிப்ரவரி மாத நண்பகலில் காட்டிய அளவைக்கூட எட்டவில்லை. பழுது என்று நினைத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பேனலைத் துடைத்தார், ஒயரையெல்லாம் சோதித்தார். "எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. சூடு ஏறுனா இது இப்படித்தான்" என்றார்.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். அதோடு சேர்ந்து வரும் சூடு அதற்கு ஆகாது.

ஏன் ஆகாது? பக்கத்தில் இருக்கும் பூண்டி ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிகானுக்குள் இருக்கும் எலெக்ட்ரான்களை ஏரித் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், வெளிச்சம் அந்தத் தண்ணீரைக் கரைக்கு உள்ளே இறைத்து ஏற்றும் மோட்டார். கரைக்குள் தண்ணீர் நிற்கும் உயரம் வோல்டேஜ். மதகு வழியாக வெளியே ஓடுவது கரண்ட். சூடு ஏற ஏற இந்தக் கரையில் கசிவு அதிகமாகிறது. ஏற்றிவிட்ட தண்ணீர் மதகுக்கு வராமல் கசிந்து இறங்கிவிடும். மோட்டார் நிற்காமல் ஓடினாலும் மட்டம் தாழ்ந்துதான் நிற்கும். வோல்டேஜ் விழுவது இப்படித்தான். அதோடு கிடைக்கும் வாட்டும் குறைகிறது.

பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் 540 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 25 டிகிரி சூட்டில் அளந்த கணக்கு. மே மாதம் எங்கள் மாடியில் பேனல் 65 டிகிரியைத் தொடுவது சாதாரணம். டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டால், கூடுதலான 40 டிகிரிக்கு 14 சதவீதம் போய்விடுகிறது. ஒரு பேனலில் மட்டும் 75 வாட் இழப்பு. வீட்டில் ஒரு மின்விசிறியை ஓட்ட அது போதும்.

இந்தச் சூட்டை யார் ஆராய்கிறார்கள்? சோலார் செல் ஆராய்ச்சியாளர் என்றதும் நம் மனத்தில் வருபவர், செல்லின் திறனை, அதாவது விழும் வெளிச்சத்தில் எவ்வளவை மின்சாரமாக்குகிறது என்பதை, உயர்த்தப் பாடுபடுபவர். அதுவும் பெரிய தவம்தான். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் மூவரும் காட்டிய சிலிகான் செல்லின் திறன் 6 சதவீதம். 1999-ல் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் குழுவினரின் செல் 25 சதவீத விளிம்பைத் தொட்டது. இன்றைய சாதனை 27 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. சிலிகானால் எட்டக்கூடிய எல்லையே ஏறத்தாழ 29 சதவீதம்தான். அதாவது, கால் நூற்றாண்டு உழைப்பின் பலன் இரண்டு மூன்று சதவீதம்.

எனக்கு அதைவிட நெருக்கமாகத் தெரிவது இன்னொரு வகைப் பொறியாளரின் வேலை. செய்து முடித்த பேனலை வெயிலில் கொண்டுபோய் வைத்து, இது எத்தனை வருஷம் தாங்கும், எங்கே முதலில் கெடும் என்று கேட்பவர் அவர். பெயரிலேயே தமிழ் இருக்கும் கோவிந்தசாமி தமிழ்மணி அப்படிப்பட்டவர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோலார் பேனல்களின் நம்பகத்தன்மையை ஆராயும் ஆய்வகத்தை நடத்தியவர். அந்தப் பல்கலைக்கழகத்தோடு ஜெர்மனியின் டியூவி ரைன்லாந்து நிறுவனம் சேர்ந்து 2008-ல் ஒரு சோதனைக்கூடத்தைத் தொடங்கியது. அதன் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். அரிசோனா பாலைவன பூமி. கோடையில் 45 டிகிரி அங்கே புதிதல்ல.

இவர்கள் செய்யும் சோதனைகளைக் கேட்டால் பேனல் மீதே பரிதாபம் வரும். 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் 1000 மணி நேரம், அதாவது 40 நாளுக்கும் மேல், பூட்டி வைப்பார்கள். மைனஸ் 40 டிகிரிக்கு உறைய வைத்து 85 டிகிரிக்குச் சூடாக்குவதை 200 முறை திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஆலங்கட்டி மழைக்காக 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கண்ணாடி மீது அடிப்பார்கள். இதையெல்லாம் தாண்டினால்தான் பேனலுக்குச் சான்றிதழ். அதோடு முடிவதில்லை. வெயிலில் பல வருஷம் கிடந்த பேனல்களைத் தேடிப் போய்ச் செல்லை மூடிய பிளாஸ்டிக் படலம் பழுப்பேறியிருக்கிறதா, பற்ற வைத்த இடம் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

2010-ல் தமிழ்மணி குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை மிகவும் ஈர்த்தது. பேனல்களைக் கூரையோடு ஒட்டியும், அங்குலக் கணக்கில் இடைவெளி விட்டும் பொருத்தி, ஒவ்வொன்றின் சூட்டையும் அளந்தார்கள். கூரையோடு ஒட்டியது அதிகமாகச் சூடேறியது. அடியில் காற்று புகுந்து வெளியேற இடம் கிடைத்தால் சூடு தணிகிறது. புதுப் பொருள் எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பேனலைத் தாங்கும் கம்பியை எந்த உயரத்தில் அடிக்க வேண்டும் என்று சொல்லும் ஆராய்ச்சி அது. மாடியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அது நேராகப் பயன்படும்.

இந்தியாவிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. மும்பை ஐஐடியின் தேசிய ஒளிமின்னழுத்த ஆராய்ச்சி மையம் 2013, 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் நாடு முழுக்கச் சுற்றி, நிறுவிய பேனல்களை ஆய்வு செய்தது. வெப்பமான பகுதிகளில் அவை வேகமாகத் தளர்வதையும், தரையில் இருப்பதைவிடக் கூரையில் இருப்பவை அதிகம் பாதிக்கப்படுவதையும் பதிவு செய்தது. எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்று அளக்க 2011-ல் நாடெங்கும் 51 நிலையங்களை அமைத்தது, சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் இன்றைய தேசியக் காற்றாற்றல் நிறுவனம்தான். அதற்கும் முன்பு, 1980-களிலேயே, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தை வைத்து மேட்டூரில் மெட்கெம் நிறுவனம் சிலிகான் உற்பத்தி செய்திருக்கிறது. நமக்குக் கைவராத கலை அல்ல இது.

இன்று மணவாள நகர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்டு போகின்றன. அந்தப் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் அமெரிக்க நிறுவனமான பர்ஸ்ட் சோலாரின் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்குப் பேனல் செய்யும் திறன் கொண்டது. கண்ணாடி மீது மெல்லிய காட்மியம் டெல்லுரைடு பூச்சைப் படியவைத்துச் செய்யும் பேனல் அது. சூட்டில் அதன் இழப்பு பழைய வகைச் சிலிகான் பேனல்களைவிடக் குறைவு. புதிய சிலிகான் வகைகளும் இப்போது டிகிரிக்கு 0.3 சதவீதம் வரை இறங்கி வந்துவிட்டன. பேனல் இங்கே உருவாகிறது. அந்த நிறுவனத்தின் பெரிய ஆராய்ச்சிக்கூடம் இருப்பதோ அமெரிக்காவின் ஓஹியோவில். ஷிப்டு முடிந்து இறங்கும் டிப்ளமா படித்த பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். அரிசோனா வெயில் வறண்டது. நம்முடையது கடற்காற்றின் உப்பும் ஈரமும் கலந்த வெயில். இதில் பேனல் எப்படித் தளரும் என்பதை இங்கேயே பல வருஷம் உட்கார்ந்து அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும். அந்த வேலைக்கு நம் ஊர் பிள்ளைகளை எடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் மின்னியல் டிப்ளமா இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். மறுநாளே கல்லூரியில் கேட்டு ஒரு வெப்பமானி வாங்கி வந்துவிட்டாள். ஒரு மாதமாகத் தினம் மதியம் 12 மணிக்கு மாடி ஏறி, ஆறு பேனலின் முதுகிலும் அதை வைத்து நோட்டில் குறிக்கிறாள். நேற்று நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

"ஓரத்துல இருக்கறது பரவால்ல மாமா. நடுவுல இருக்கற ரெண்டும்தான் எப்பவும் ஜாஸ்தி சூடு. காத்து வராததாலதானே? ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் சந்து விட்டு மாட்டச் சொல்லலாமா?"

ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்பானரோடு அவர் வரும்போது நோட்டோடு அவளும் மாடியில் இருப்பாள்.