வேர்கள் பிடித்து நிறுத்திய கரை

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் வளர்ந்த எங்களுக்குக் காலாங் ஆறு என்றால் கான்கிரீட் லோங்காங்தான், அதாவது வடிகால்தான். பீஷான்–அங் மோ கியோ பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டருக்கு நேராகக் கிடந்தது. மழைநீரைச் சீக்கிரம் வெளியேற்றவே அதைக் கட்டினார்கள். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது. ஆனால் ஒரு செடி வேர்விட அங்கே பிடி மண் கிடையாது.

பொதுப் பயனீட்டுக் கழகம் 2006-இல் தொடங்கிய நீர்நிலைத் திட்டத்தின் கீழ் அந்தக் கான்கிரீட்டை உடைத்தார்கள். 2012-இல் பூங்கா மறுபடி திறந்தபோது, ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆற்றைப் பார்த்தோம். உடைத்த கான்கிரீட்டைக்கூட வீணாக்கவில்லை. பூங்காவிலேயே குன்றாகக் குவித்துவிட்டார்கள்.

கான்கிரீட் இல்லாத கரை எங்கள் ஊர் அடைமழையில் எப்படி நிற்கிறது? உயிருள்ள குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கரையோரம் படுக்கவைத்துப் புதைத்தார்கள். பாறை இடுக்குகளில் போத்துகளைச் செருகினார்கள். சில இடங்களில் துணிவிரிப்பில் மண்ணைச் சுருட்டிப் படிப்படியாக அடுக்கி, நடுவே நாற்று நட்டார்கள். குச்சியும் போத்தும் துளிர்த்து, வேர் மண்ணுக்குள் இறங்கிப் பின்னிக்கொள்கிறது. கான்கிரீட் போட்ட நாளிலிருந்து தேயத் தொடங்கும். வேரோ வருடம் போகப்போக இறுகும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஐரோப்பாவில் பழகிய முறை இது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய ஹெர்பர்ட் டிரைசைட்டலும் ஜெர்மானியர். வெப்பமண்டலச் செடிகளோடு இது ஒத்துவருமா என்று பார்க்க, 2009-இல் பக்கத்து ஓடையில் 60 மீட்டர் நீளத்துக்குப் இம்முறையின் பத்து வகைகளைச் செய்து பார்த்த பிறகே ஆற்றில் கைவைத்தார்கள். அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. இன்று நீர்நாய்க் குடும்பங்கள் இங்கே மீன் பிடிக்கின்றன.

மழை வலுத்தால் தண்ணீர் மளமளவென்று ஏறும். அதற்காக நீர்மட்டத்தை அளக்கும் கருவியும், அபாயச் சங்கும், எச்சரிக்கை விளக்குகளும் வைத்திருக்கிறார்கள். சங்கு ஊதினால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் மேலே ஏறிவிட வேண்டும்.

இத்தனை வெள்ளத்தை ஆறு தாங்குவது செடிகளால் மட்டும் அல்ல. அதிகம் போனால் 24 மீட்டர் அகலமிருந்த வாய்க்கால், வெள்ளக் காலத்தில் 100 மீட்டர் வரை பரவும்படி பூங்காவின் நிலத்தை ஆற்றுக்கே விட்டுக்கொடுத்தார்கள். அதனால்தான் முன்பைவிடச் சுமார் 40 சதவீதம் அதிக நீரை இப்போது அது தாங்குகிறது. உங்கள் ஊர் ஓடையை மீட்கப் போகிறோம் என்று யாராவது திட்டத்தோடு வந்தால், எந்தச் செடி என்பதற்கு முன்னால், எவ்வளவு நிலம் விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.